தகராறு எண் இருபது

ஜூலை 8, திங்கள்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "மனசுல இருக்கறத எங்கயாவது இறக்கி வைங்க" என்றார். வாசுகியிடம் இறக்கி வைக்கலாம். ஆனால் நான் ஒன்று இறக்கினால் அவள் இரண்டு ஏற்றிவிடுவாள். இருபத்தோரு வருட இல்லற அனுபவம். ஆகவே இந்த நோட்டு.

பெயர் செண்பகராமன். வயது நாற்பத்தொன்பது. பிறந்தது மதுரை, பிழைப்பது கோயம்புத்தூர். தமிழில் எம்.ஏ. சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை என்று சொன்னால் சொந்தக்காரர்கள் நான் கம்ப்யூட்டர் படித்தவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. உண்மையில் என் வேலை திட்டுகளைத் துவைத்து வெள்ளையாக்குவது.

எங்கள் மென்பொருளின் பெயர் 'இணக்கம்'. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர்கள் அவரவர் போனில் இதைத் திறந்து மனதில் உள்ளதை எழுதலாம், அல்லது பேசலாம்; அதுவே எழுதிக்கொள்ளும். கோபமான சொற்களை மென்பொருள் சாந்தப்படுத்தி எதிராளிக்கு அனுப்பும். "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று இவர் சொன்னால், "உங்கள் அணுகுமுறை எனக்குக் கவலை தருகிறது" என்று அவருக்குப் போகும். அசல் என்ன என்பது அவருக்குத் தெரியாது. கடைசியில் இருவரும் புள்ளிகள் போட, மென்பொருளே ஒரு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும். அந்தச் சாந்த அகராதி என் கைவேலை. மொத்தம் அறுநூற்று நாற்பது திட்டுகள். தமிழ்நாட்டில் இத்தனை வசவுகளைச் சம்பளத்துக்குத் தொகுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூலை 9, செவ்வாய்

முதலாளி பிரணவுக்கு முப்பத்தொரு வயது. என்னை 'சார்' என்பான், வேலையை மட்டும் தம்பிக்குச் சொல்வது போலச் சொல்வான். ஆகஸ்ட் 9 அன்று பெங்களூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம். அதற்குள் இருபது நிஜக் குடும்பச் சண்டைகளைத் தீர்த்துக் காட்ட வேண்டும். பத்தொன்பது கிடைத்துவிட்டன. "இன்னும் ஒண்ணு. யார் வீட்லயாவது?" என்றான். எல்லோரும் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"எங்க அக்காவும் நானும் பேசறதில்ல."

"எவ்ளோ நாளா சார்?"

"மூணு வருஷம்."

"ஒரு போன் கூட இல்லையா?"

"இல்ல."

"பர்ஃபெக்ட் சார்!" என்று எழுந்து வந்து கைகுலுக்கினான். என் குடும்ப விஷயத்துக்கு யாரும் கைகுலுக்கியது இதுவே முதல் முறை.

ஜூலை 10, புதன்

வாசுகியிடம் சொன்னேன். "ஏனுங்க, போனெடுத்து அண்ணிகிட்ட ரெண்டு வார்த்த பேசறதுக்கு ஒரு கம்பெனி வேணுமாக்கு?" என்றாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதுரைக்குத் தூது லோசனிதான். அக்காவின் ஒரே மகள், மீனலோசனி. பிசியோதெரபிஸ்ட். நானும் அக்காவும் பேசாவிட்டாலும் அவள் மாதம் ஒருமுறை எனக்குப் போன் பண்ணுவாள். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"அம்மா சரின்னுட்டாங்க மாமா. அத போன்ல எப்டி எறக்கறதுன்னு சொல்லிக் குடுத்துட்டேன். ஆனா நீங்க ஒழுங்கா பேசணும்."

"நான் எப்பவும் ஒழுங்காத்தான் பேசுவேன்."

"ஆகஸ்ட் முப்பது எனக்குக் கல்யாணம் மாமா. மாலை போட்டு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு கதிர்வேல் மாமாவச் சொல்லிரலாம்னு அப்பா சொல்றாரு. நான் முடியாதுன்னுட்டேன். அம்மா வாயவே தெறக்கல."

கதிர்வேல் எங்கள் ஒன்றுவிட்ட அண்ணன். அவன் நல்லவன்தான். ஆனால் லோசனிக்குக் காது குத்தியது என் மடியில். நான் உயிரோடு இருக்கும்போது தாய்மாமன் இடத்தில் இன்னொருத்தன் நிற்பது என்றால், அந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் நான் யார் என்று தெரிந்துவிடும். அதைவிட, எனக்கே தெரிந்துவிடும்.

ஜூலை 12, வெள்ளி

படிவம் பூர்த்தி செய்தேன். 'தகராறு எண் 20. முதல் தரப்பினர்: மங்கையர்க்கரசி. இரண்டாம் தரப்பினர்: செண்பகராமன்.' அக்கா, தம்பி என்ற உறவுமுறைகளை மென்பொருள் ஏற்காது. உறவைச் சொன்னால் ஒருதலைப்பட்சம் வந்துவிடும் என்று ஒரு கூட்டத்தில் நான்தான் வாதாடி அதை எடுக்க வைத்தேன். அப்போது கைதட்டினார்கள்.

'தகராறு என்ன?' என்ற இடத்தில் உள்ளபடி எழுதினேன். எஸ்.எஸ். காலனி வீடு அம்மாவுக்குப் பிறகு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. அக்கா அங்கேதான் குடியிருக்கிறாள். பின்கட்டு ஓடு ஒழுகுகிறது. அதை இடித்துக் கட்ட மாநகராட்சிக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். மச்சான் மூன்று முறை கூரியரில் அனுப்பிய காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று படிவம் கேட்கவில்லை. நல்ல படிவம்.

அடுத்த பக்கம்தான் வம்பு. 'எதிர்த்தரப்பினர் சொல்வதில் சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஒரு செய்தி.' குறைந்தது இருபது எழுத்து. நிரப்பாமல் மேலே போக முடியாது. இந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சொன்ன புத்திசாலி யார் என்று பழைய மின்னஞ்சல்களைத் தேடினேன். நான்தான்.

'முதல் தரப்பினர் மிக நன்றாகச் சமைப்பார்' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

ஜூலை 15, திங்கள்

அக்காவின் முதல் செய்தி வந்தது. சரி என்று அவள் ஒப்புக்கொண்ட செய்தியும் கூடவே:

'இரண்டாம் தரப்பினர் எச்சரிக்கையுணர்வு மிக்கவர்.'

காலை முழுக்க வேலை ஓடவில்லை. மதியம் அகராதியைத் திறந்து தலைகீழாகத் தேடினேன். 'எச்சரிக்கையுணர்வு மிக்கவர்' என்று மாறக்கூடிய அசல் மூன்று: கோழை, தொடைநடுங்கி, பயந்தாங்கொள்ளி. கோழை என்பது அக்காவின் பேச்சில் வராது. மற்ற இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டே காபியை ஆறவிட்டேன்.

செய்தி இது: 'தங்கள் வருகை குறித்து எனக்குச் சில எதிர்பார்ப்புகள் உள்ளன.' என் அகராதிப்படி இது உடல்ரீதியான மிரட்டல். 'வராம இருந்து பாரு, காலை ஒடைக்கிறேன்' என்றும் இருக்கலாம். 'வந்து பாரு, காலை ஒடைக்கிறேன்' என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வாக்கியத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அப்போது செய்தது.

ஜூலை 16, செவ்வாய்

பதில் அனுப்பினேன். கோபமாகத்தான் எழுதினேன். என்ன போய்ச் சேர்ந்ததோ.

ஜூலை 20, சனி

தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பிளம்பர் வருகிறேன் என்றான், வரவில்லை. வாளியில் மொண்டு மொண்டு இடுப்பு பிடித்துக்கொண்டது. வாசுகி தைலம் தேய்த்தபடி கேட்டாள்: "அண்ணி உங்களுக்கு அப்படி என்னதானுங்க பண்ணிப்போட்டாங்க?"

சொன்னேன். மூன்று வருடம் முன்பு மதுரை ஆஸ்பத்திரியில் அம்மா சாகக் கிடந்தபோது அக்கா எனக்குச் சொல்லவில்லை. ராத்திரி மச்சான் சொல்லித்தான் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"போன் பண்ணலீங்களா அவங்க?"

"ஒண்ணு ரெண்டு தடவ பண்ணிருக்கலாம். அன்னைக்கு எனக்கு நாலு மணிலேர்ந்து மீட்டிங். போன் கவுந்து கெடந்துச்சு."

வாசுகி தைலப் பாட்டிலை மூடிவிட்டு எழுந்து போனாள். இடுப்பில் பாதிதான் தேய்த்திருந்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

இதுவரை பதினாறு செய்திகள். ஒரு கடுஞ்சொல் இல்லை. பிரணவ் வரைபடம் போட்டு வைத்திருக்கிறான். எங்கள் 'இணக்கக் குறியீடு' மேலே மேலே ஏறுகிறது. "உங்க கேஸ்தான் சார் பெஸ்ட்" என்கிறான்.

எனக்கோ ஒவ்வொரு செய்தியையும் அகராதியில் தலைகீழாகத் தேடுவதே வேலை. அக்கா என்னிடம் 'தங்கள்' என்று பேசி நான் கேட்டதே இல்லை. கூட்டுறவு வங்கியிலிருந்து வரும் கடிதத்துக்குக் கூட இதைவிடக் கொஞ்சம் உயிர் இருக்கும். அக்காவுக்கு நான் எப்படிப் போய்ச் சேர்கிறேன் என்று நினைத்தேன். அவளும் யாரோ ஒரு வக்கீல் நோட்டீசைத்தான் படித்துக்கொண்டிருப்பாள்.

அம்மா இறந்த அன்று போன் கவிழ்ந்து கிடந்தது என்று எழுதியிருக்கிறேன். கவிழ்த்து வைத்தேன் என்பதுதான் சரி. கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். நாலைந்து அழைப்பு வந்திருந்தது.

ஜூலை 26, வெள்ளி

புள்ளிகள் போடும் நாள். ஆளுக்கு நூறு புள்ளி. தகராறில் உள்ள விஷயங்களுக்கு எது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு பிரித்துப் போட வேண்டும். எதற்கு யார் அதிகம் போடுகிறாரோ அது அவர் விருப்பப்படி. ஒப்பந்தம் வரும் வரை ஒருவர் போட்டது அடுத்தவருக்குத் தெரியாது.

எங்களுக்கு மூன்று விஷயங்கள். ஒன்று, பின்கட்டு இடிப்பது. இரண்டு, கல்யாணத்தில் தாய்மாமன் இடம். மூன்றாவதை அக்கா சேர்த்திருந்தாள். சாந்தமாகி வந்த வடிவம்: 'முந்தைய நிகழ்வு குறித்த தெளிவு.'

இந்த மென்பொருள் எப்படி யோசிக்கும் என்று எனக்கு உள்ளும் புறமும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அக்காவுக்கு வேண்டியது பின்கட்டு. நான் அதற்கு எக்கச்சக்கமாகப் போட்டால் அது என் கைக்கு வரும். அதை அவளுக்கு விட்டுக்கொடுத்துப் பெரிய மனுஷனாகி, தாய்மாமன் இடத்தை வாங்கிக்கொள்ளலாம். பின்கட்டுக்குத் தொண்ணூறு, கல்யாணத்துக்குப் பத்து, தெளிவுக்குப் பூஜ்யம். பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தேன். சாணக்கியன் தயிர்சாதம் சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஒப்பந்தம் வந்துவிட்டது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

'1. பின்கட்டு, இரண்டாம் தரப்பினர் விருப்பப்படி இடிக்கப்படாமல் இருக்கும். 2. திருமணத்தில் இரண்டாம் தரப்பினர் விருந்தினராகக் காலை 8.10 முதல் 8.25 வரை மரியாதையுடன் கலந்துகொள்ளலாம். 3. முந்தைய நிகழ்வு குறித்து இரண்டாம் தரப்பினர் ஐம்பது சொற்களுக்குக் குறையாத விளக்கம் அளிப்பார். எதிர்பார்க்கப்படும் திருப்தி: 92 விழுக்காடு.'

விட்டுக்கொடுக்கும் வசதி எங்கே என்று தேடினேன். இல்லை. ஒருவர் வென்ற பொருளை விட்டுக்கொடுப்பார் என்று எங்கள் ஆபீஸில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அரை மணி நேரத்தில் அக்கா 'சம்மதம்' அழுத்திவிட்டாள். அவளே அழுத்திவிட்டாளே என்ற ரோஷத்தில் நானும் அழுத்தினேன்.

பிரணவ் கேக் வாங்கி வந்தான். என்னை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

லோசனி காலையிலேயே கூப்பிட்டாள். ஒப்பந்தம் வந்ததும் இரண்டு பேர் போட்ட புள்ளிகளும் இரண்டு பேருக்கும் தெரியும் என்பதை நான் மறந்து தொலைத்திருந்தேன்.

"பின்கட்டுக்குத் தொண்ணூறா மாமா? ஒழுகுற ஓட்டுக்குத் தொண்ணூறு, எனக்குப் பத்தா?"

"அது ஒரு கணக்குடா. நான் வந்து..."

"அம்மா அதையே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் சம்மதம்னு அமுக்கிட்டு அடுப்படிக்குப் போய் அழுதாங்க. பாட்டி செத்தன்னைக்குக் கூட நான் அவங்க அழுது பாக்கல. கதிர்வேல் மாமாவுக்கு அப்பா இன்னிக்கே போன் பண்ணிருவாரு. நான் இனி யாருக்காகவும் பேச மாட்டேன்."

வைத்துவிட்டாள். அக்கா போட்ட புள்ளிகளைத் திறந்து பார்த்தேன். பின்கட்டுக்குப் பூஜ்யம். தாய்மாமன் இடத்துக்கு நாற்பது; அவள் வென்றதால் அந்த இடம் எனக்கு இல்லை என்று மென்பொருள் முடிவு கட்டியிருக்கிறது. அவள் யாரை மனதில் வைத்துப் போட்டிருப்பாள் என்று யோசிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. மிச்சம் அறுபதும் மூன்றாவதுக்கு.

மூன்று வருடமாக நான் பிடித்துவைத்திருந்த பின்கட்டு அக்காவுக்கு வேண்டவே வேண்டாம். நான் ஒரு முட்டாள். என் அகராதியில் இதற்கு 'தகவல் குறைவுள்ளவர்' என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஐம்பது சொல் எழுத வேண்டும். தமிழ் எம்.ஏ.வுக்கு ஐம்பது சொல். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை எழுதியது: 'அன்று.'

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வாசுகி கேட்காமலேயே அவளிடம் சொன்னேன். பதினொன்று. அக்கா பதினொரு முறை கூப்பிட்டிருந்தாள். முதல் அழைப்பு நாலு ஐம்பதுக்கு. கடைசி அழைப்பு ஆறு இருபதுக்கு.

அன்றுதான் என் அகராதியை முதல் முறையாகப் பெரிய ஆட்களுக்குக் காட்டினோம். திரையில் என் வாக்கியங்கள் ஓடிக்கொண்டிருந்தன. போன் அதிர்ந்தது. 'அக்கா' என்று பார்த்தேன். அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்தேன். அதற்குப் பிறகு மேஜை அதிர்ந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் கேட்டது. நான் சிரித்துக்கொண்டே பேசினேன்.

மறுநாள் விடியலில் போய் இறங்கியதும் வீட்டு வாசலில், ஊரே கூடியிருக்கும்போது அக்காவைப் பார்த்துக் கத்தினேன்: "செத்த பெறகுதான் எனக்குச் சொல்லணும்னு தோணுச்சா ஒனக்கு?" அக்கா நினைத்திருந்தால் போனை எடுத்து எல்லோருக்கும் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அம்மா எத்தனை மணிக்குப் போனாள் என்று நான் இன்று வரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் எந்த அழைப்பை எடுத்திருந்தால் அம்மா குரலைக் கேட்டிருக்கலாம் என்று தெரிந்துவிடும்.

வாசுகி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, புதன்

எழுதிவிட்டேன். ஐம்பத்தெட்டு சொல். அலங்காரம் இல்லை. நீ பதினொரு தடவை கூப்பிட்டாய், நான் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்து வைத்தேன், அத்தனை பேர் முன்னால் உன் மேல் பழியைப் போட்டேன், நான் அயோக்கியன் என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. என் எழுத்தும் அகராதி வழியாகத்தானே போகும்! அனுப்பியவருக்கு வெளுத்த வடிவம் தெரியாது. ஆனால் நான் சோதனைக் கணக்கில் அதே வரிகளைப் போட்டுப் பார்த்தேன். அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது இதுதான்:

'பல அழைப்புகள் ஏற்கப்படவில்லை. தகவல்தொடர்பில் தடை ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து கருத்துப் பரிமாற்றத்தில் வேறுபாடு நிலவியது. இரண்டாம் தரப்பினர் மேம்பட வாய்ப்புள்ளவர்.'

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை உண்மையை எழுதினேன். என் கையாலேயே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மனிதர்கள் தங்கள் மேலேயே குற்றம் சொல்லிக்கொண்டால் அதையும் மென்மையாக்க வேண்டும் என்று 588 முதல் 640 வரை ஐம்பத்து மூன்று பதிவுகள். அவற்றுக்குத் தனியாகப் பாராட்டுக் கடிதம் கூட வாங்கினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அக்காவின் பதில் வந்தது.

'தகவல்தொடர்பில் தடையாம். தவிட்டுக்கு வாங்குனது பேசற பேச்சப் பாரு.'

மூன்று முறை படித்தேன். ஒரு எழுத்துகூட மாறாமல், அக்காவின் குரலோடு, மதுரையோடு வந்திருந்தது. சின்ன வயதில் நான் பம்பரத்தைத் தொலைத்தாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும் அக்கா இதைத்தான் சொல்வாள்: என்னை அம்மா பெறவில்லையாம், தவிட்டைக் கொடுத்து வாங்கினாளாம். ஏழு வயது வரை நம்பி அழுதிருக்கிறேன். அறுநூற்று நாற்பது வசவு தொகுத்தவனுக்கு இதைச் சேர்க்கத் தோன்றவே இல்லை. இதை நான் வசவு என்று நினைத்ததில்லை போலிருக்கிறது.

மேஜையிலேயே அழுகை வந்துவிட்டது. பிரணவ் ஓடி வந்து, "என்ன சார், ஆப்ல ஏதாவது எரரா?" என்றான். ஆமாம், ஒரு சொல் தப்பித்துவிட்டது என்றேன். "நாளைக்கு டெமோ முன்னாடி சேத்துடுங்க சார்" என்றான்.

சேர்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, சனி. மதுரை

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

விடிகாலையில் சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன். வாசுகி இட்லி கட்டிக் கொடுத்து, "அங்க போயி வியாக்கியானம் பண்ணாதீங்க. போனமா, சொன்னமான்னு இருங்க" என்றாள். தாராபுரம் தாண்டும்போது போன் அடித்தது. பிரணவ். எடுத்தேன்.

"எங்க சார் இருக்கீங்க? பதினோரு மணிக்கு டெமோ! உங்க கேஸத்தான் முதல்ல காட்டறோம்!"

"தாராபுரத்துல இருக்கேன் தம்பி. இருபதாவது தீரல. பத்தொம்போதுன்னு மாத்திக்க."

"ரெண்டு பேரும் சம்மதம் குடுத்திருக்கீங்களே சார்! தொண்ணூத்திரண்டு பர்சன்ட்!"

"ஆமா. அப்படியும் தீரல."

பக்கத்தில் யாரிடமோ தணிந்த குரலில் ஏதோ சொன்னான். பிறகு, "சரி சார், பாத்துப் போங்க" என்றான். பையன் மோசமில்லை.

ஆரப்பாளையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். வீட்டு முன்னால் நின்றபோது கால் நடுங்கியது. தொடைநடுங்கி என்பது எவ்வளவு துல்லியமான சொல் என்று அங்கேதான் தெரிந்தது. கதவைத் திறந்தது அக்கா. முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. மூன்று வருடத்தில் இவ்வளவா என்று திடுக்கிட்டேன்.

"என்ன?" என்றாள்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. "பதினோரு தடவ கூப்ட்ட. பாத்துட்டுத்தான் கவுத்து வச்சேன். பாத்துட்டுத்தான்க்கா" என்றேன். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"அது எனக்குத் தெரியாதா? பதினோரு தடவையும் கண்ணு தெரியாமயா இருந்திருப்ப?" என்றாள். "உள்ள வா. தெருவே பாக்குது."

உள்ளே போனேன். மச்சானும் லோசனியும் பத்திரிகை வைக்கப் போயிருந்தார்கள். அக்கா தண்ணீர் கொண்டு வந்து டக்கென்று வைத்தாள். நான் குடிக்காமல் சொன்னேன்: "எடுத்திருந்தா அம்மாட்ட ஒரு வார்த்தை பேசியிருப்பேன். அந்தப் பாவம் எனக்கு. அத உன் மேல தள்ளிட்டேன்."

அக்கா டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அம்மா நாலு இருவதுக்கே போயிருச்சுடா."

எனக்குப் புரியவில்லை.

"நான் மொத போன் பண்றப்பவே போய் அரமணி நேரம். நீ எடுத்திருந்தாலும் ஒண்ணும் பேசியிருக்க முடியாது. அதச் சொன்னா உனக்கு நிம்மதியா இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ வருவ, கேப்ப, சொல்லலாம்னு இருந்தேன். நீ வரல."

"அப்ப பதினோரு தடவ..."

"சேதி சொல்றதுக்கா பதினோரு தடவ கூப்பிடுவாங்க? ஒரு தடவ போதாதா, மெசேஜ் போட்டாப் போதாதா?" அவள் குரல் உடைந்தது. "உன் மச்சான் சிவகாசில இருந்தாரு. லோசனிக்குப் பரீட்ச. அந்த ஆஸ்பத்திரி வராண்டால அம்மாவ வச்சுக்கிட்டு நான் ஒருத்தியா நின்னேன். கையெழுத்துப் போடுன்றான், சேலையக் கழட்டித் தர்றான், வளையலக் கழட்டித் தர்றான். எனக்குப் பயமா இருந்துச்சுடா. யாராவது எங்கூட இருங்களேன்னு இருந்துச்சு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

மூன்று வருடமாக மனதுக்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவள் இந்த வீட்டில், ஒழுகும் ஓட்டுக்குக் கீழே இருந்தாள். அவளைத்தான் நான் விட்டுவிட்டேன். இது எனக்கு நேற்று மதியம் பன்னிரண்டு மணி வரை தெரியாது.

அழுதேன். அவளும் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "மாலை எத்தன மணிக்குப் போடணும்னு ஐயர்கிட்ட கேட்டுக்க, ஆறு மணிக்கே வந்து நிக்கணும், லேட்டா வந்த, தோலை உரிச்சிருவேன்" என்றாள். கதிர்வேலுக்கு யாரும் போன் பண்ணவே இல்லையாம். மச்சான் போனை எடுத்தபோது பிடுங்கி வைத்துவிட்டாளாம்.

"அக்கா, சொல்லு" என்றேன்.

"என்னத்த?"

"அன்னைக்கு நான் எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பியோ, அத."

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று எழுந்தாள். அடுப்படி வரைக்கும் போனாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"காலைல கஞ்சி குடுத்தேன்டா. ரெண்டு வாய்தான் குடிச்சுச்சு" என்று ஆரம்பித்தாள்.

லோசனியும் மச்சானும் திரும்பி வரும் வரை சொன்னாள். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.